ரிவர்ஸ்காரரின் கோல்

ஆற்றுக்குள் வண்டியை இறக்க ஒரு சரிவும் ஒரு முட்டாளும் போதும். இறங்காமல் திரும்பி வரத்தான் ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஓர் ஆள் அந்தத் துறையில் இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினார். இரண்டு கரைக்காரர்களும் அவருக்கு வைத்த பெயர் ரிவர்ஸ்காரர். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டம் மாதிரி எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பன்னிரண்டு வயதில் லாரி கழுவ ஆரம்பித்து, டயர் மாற்றி, கிரீஸ் அடித்து, இன்ஜினைக் கழற்றிக் கழற்றியே படித்தவர். பழைய இரும்புக் கடையில் மூக்கு நசுங்கிக் கிடந்த ஒரு ஃபோர் வீல் ஜீப்பை இழுத்து வந்து, இரண்டு வருஷம் கூடவே கிடந்து எழுப்பி நிறுத்தினார். யார் தயவும் கிடையாது. தொப்பியும் பைலுமாக வந்த இன்ஜினியர்கள் அந்த ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எப்படிங்க ஓடுது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஓட்டத் தெரிஞ்சா ஓடும்" என்பார். அவ்வளவுதான் பதில்.

இந்தக் கரையில் கடைவீதி, பணிமனைகள், அவருடைய வீடு. அந்தக் கரையில் எண்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன மருந்தகம், ஒரு மளிகைக் கடை. நடுவே ஆறு. பாலம் கிடையாது. அந்தக் கரைக்காரர்கள் வெளியே போக வேண்டுமென்றால் பின்பக்கம் மலைப்பாதையில் பஸ் ஒன்று உண்டு. அது சுற்றிக்கொண்டு போக ஒரு பகல் முழுக்க ஆகும். ஆகவே கேஸ் சிலிண்டர், மருந்துப் பெட்டி, தபால் பை, கடைச் சாமான் எல்லாம் செவ்வாயும் வியாழனும் அவர் வண்டியில்தான் போகும்.

எப்படிப் போகும் என்று கேளுங்கள். வேகமாக வந்து தொபீரென்று விழுகிற வேலை அவரிடம் இல்லை. கரைக்கு வந்ததும் இன்ஜினை அணைத்து அரைமணி ஆறவிடுவார். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவார்; இல்லையென்றால் ஃபேன் தண்ணீரை வாரி இன்ஜின் மேல் இறைக்கும். முகப்பில் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார். பின்பக்கக் கொக்கியில் இழுவைக் கயிற்றை மாட்டி, மறுமுனையை வண்டிக்குள் போட்டுவைப்பார். மாட்டிக்கொண்ட பிறகு தண்ணீருக்கடியில் கொக்கி தேடுகிறவனைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். கண்ணாடி எல்லாம் இறக்கி, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, லோ கியரில் இரண்டாவது போட்டுவிட்டால் அக்கரை ஏறும்வரை கிளட்சைத் தொட மாட்டார். மனுஷன் நடக்கிற வேகம். வண்டிக்கு முன்னால் ஒரு சின்ன அலை போகும். அந்த அலை கலையாமல் அதன் பின்னாலேயே போவார். தண்ணீரை எதிர்த்துப் போகாமல், அது போகும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து போவார். ஏறியதும் பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்துக் காய வைப்பார்.

இதெல்லாம் பிற்பாடு. முதல் வேலை, நடப்பது. வண்டி இறங்குவதற்கு முன்னால் அவர் இறங்குவார். கையில் கோல். தரையைக் குத்திக் குத்தி, சரளையா, மணலா, உருண்டைக் கல்லா, புதுக்குழியா என்று காலாலும் கோலாலும் தடவிக்கொண்டே அக்கரை வரைக்கும் நடந்து, கரை ஏறாமல் அதே தடத்தில் திரும்பி நடந்து வந்து, அப்புறம்தான் வண்டியில் ஏறுவார். ஒரு தடவை வண்டி கடக்க, மூன்று தடவை அவர் கடக்க வேண்டும்.

அந்தக் கோலை அவரே செதுக்கினார். தோள் உயரம், நல்ல வைரம் பாய்ந்த மரம். ஷெட்டின் சிமெண்ட் தரையில் ஜீப்பின் பக்கத்தில் அதை நிறுத்தி, பம்பரின் மேல்விளிம்புக்கு நேராக ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, சிவப்புப் பெயிண்ட் பூசினார். தண்ணீர் சிவப்புக்குக் கீழே என்றால் போகலாம். சிவப்பைத் தாண்டினால், ஒரு விரல் தாண்டினாலும், திரும்பு. பேச்சே கிடையாது. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ வண்டிகள் அந்த ஆற்றில் நின்றிருக்கின்றன, உருண்டிருக்கின்றன. அவருடைய இன்ஜினுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. இன்னொரு வண்டிக்காரன் இதைச் சொல்லட்டும் பார்ப்போம்.

இவ்வளவு பெருமை பேசுகிறவர் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். அந்தக் கரையில் மளிகைக் கடையிலிருந்து மூன்றாவது வீடு அவர் மகள் வீடு. ஆறு வருஷமாக அதன் வாசலில் அவர் கால் பட்டதில்லை.

மனைவி போன பிறகு, ஒன்பது வயதிலிருந்து அந்தப் பெண்ணை அவர்தான் வளர்த்தார். அந்தக் கரைப் பள்ளிக்கூட வாத்தியாரை அவளே பார்த்துப் பிடித்துச் சொன்னாள். சரி என்றார். பள்ளிக்கூட மண்டபத்தில் கல்யாணம். கட்டில், பீரோ, ஆறு நாற்காலி, எல்லாம் புதுசாக வாங்கி ஜீப்பில் ஏற்றினார். ஜீப்பை இரண்டு நாள் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தார். ஹாரன் அடித்துக்கொண்டு அக்கரை ஏற வேண்டும், பெண்ணைப் பெற்றவன் வருகிறான் என்று எண்பது வீடும் எட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் அவருடைய திட்டம். அன்றைக்குத் தண்ணீர் சிவப்புக்கு மேல் ஒரு விரல்.

வழக்கம்போல் நடந்துபோனார். அக்கரைக்குப் பத்தடி இருக்கும்போது, ஒரு தட்டைக் கல்லின் மேல் நின்று, கோலைத் தூக்கிக் காட்டி, "வண்டி வராது!" என்று கத்திச் சொல்லிவிட்டுத் திரும்பினார். சாமானோடு வீட்டுக்கு வந்து ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் நடந்தது. மத்தியானம் 'அவசரம்' என்று பேர் வாங்கிய இன்னொரு வண்டிக்காரன், நடந்தும் பார்க்காமல் அளந்தும் பார்க்காமல், ஒரே மூச்சில் அந்தக் கரை ஏறிச் சாப்பிட்டுவிட்டு வந்தான். அந்தச் சேதிதான் அவரை அறுத்தது. சாமானை மறுவாரம் கொண்டுபோனபோது, "வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க" என்று மளிகைக் கடைக்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கட்டில், பீரோவோடு அந்த ஆறு நாற்காலியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஷெட் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. மகளுக்குப் பிறந்த பெண் குழந்தையை வண்டியில் உட்கார்ந்தபடியே நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். ஒரு தடவை சிவப்புச் சட்டை போட்டிருந்தது. வீட்டில் அவர் ஒருத்தர். ஒரு தட்டு, ஒரு டம்ளர். ரேடியோ பேசும்போது அவரும் பதில் சொல்வார். எதிர்த்துப் பேசாத ஆள் அது ஒன்றுதான். "ஆறு என்னைக் கேட்டுட்டா ஏறுது?" என்று அதனிடம் பல தடவை கேட்டிருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சிலிண்டர் இறக்கும்போது கடைக்காரம்மா மெதுவாகச் சொன்னாள்.

"உங்க பொண்ணு வீட்ல மூட்டை கட்டுறாங்கண்ணே. வாத்தியாருக்கு மாத்தல். கடைசிக் கோடியில எங்கேயோ, ரெண்டு நாள் ரயிலாம். சனிக்கிழமை பத்து மணி பஸ்."

"ஓகோ."

"ஓகோவா? அவ்வளவுதானா?"

"காலி சிலிண்டர் ஏழுதான் இருக்கு. ஒண்ணு குறையுது, எங்க?"

"நல்லா எண்ணுறீங்கண்ணே. எண்ண வேண்டியதை மட்டும் எண்ண மாட்டீங்க."

வியாழக்கிழமை தண்ணீர் ஏறியிருந்தது. கோலில் பார்த்தார், சிவப்புக்கு மேல் இரண்டு விரல். திரும்பினார். அப்போதுதான் அவசரம் தன் வண்டியோடு வந்து சேர்ந்தான். ஜன்னலில் தலையை நீட்டினான்.

"என்ன பெரியவரே, ரிவர்ஸா?"

"போடா. போய் மூழ்கு. உன்னை இழுக்க நான் வர மாட்டேன்."

"கயிறு மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். பம்பருக்கு இரண்டு விரல் கீழேயே தண்ணீர் நிற்க, சாவகாசமாக அக்கரை ஏறிவிட்டான்.

அதுதான் அவரைக் குடைந்தது. அவன் வண்டி பம்பரும் தன் வண்டி பம்பரும் ஒரே உயரம். சிவப்புக்கு மேல் தண்ணீர் போனால் பம்பருக்கு மேல் போக வேண்டும். கண்ணால் பார்த்தது கீழே. வீட்டுக்கு வந்தார். ஜீப்பை ஷெட்டில், அதே சிமெண்ட் தரையில் நிறுத்தினார். கோலை எடுத்துப் பம்பரின் பக்கத்தில் நிறுத்தினார்.

சிவப்பு வெட்டு, பம்பர் விளிம்புக்குக் கீழே நின்றது. நாலு விரல் கீழே.

முதலில் வண்டியைத்தான் சந்தேகப்பட்டார். டயரை அளந்தார், அதே அளவு. ஸ்பிரிங்கைப் பார்த்தார். வயதானால் ஸ்பிரிங் தாழும், மனுஷன் மாதிரி, உயராது. தரையைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்தபின், கடைசியாகக் கோலைத் தலைகீழாகத் திருப்பி அதன் அடியைப் பார்த்தார்.

அடி உருண்டு, வழவழத்து, தேய்ந்த செருப்புக் குதிகால் மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷம், வாரம் இரண்டு தடவை, போகும்போதும் வரும்போதும் கல்லில் குத்திய குத்து. கோல் கீழேயிருந்து தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. வெட்டு வெட்டின இடத்திலேயே இருந்தது. அதற்கும் தரைக்கும் நடுவிலிருந்த மரம்தான் வருஷத்துக்கு வருஷம் போய்விட்டது. தண்ணீரை அளந்தார், வண்டியை அளந்தார், கோலை ஒரு நாளும் அளக்கவில்லை.

நின்றபடியே கணக்குப் போட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு தேய்ந்திருக்கும்? மூன்று விரல், குறைத்துச் சொன்னாலும் இரண்டரை. அன்றைக்குத் தண்ணீர் சிவப்புக்கு மேல் ஒரே ஒரு விரல்.

போயிருக்கலாம். ஹாரன் அடித்துக்கொண்டே போயிருக்கலாம்.

ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். ரேடியோ ஏதோ பேசிக்கொண்டிருந்தது. கை நீட்டி அதை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரம்பத்தை எடுத்தார். பம்பருக்கு நேராக, பழைய வெட்டுக்கு நாலு விரல் மேலே புது வெட்டுப் போட்டு, சிவப்புப் பூசினார். ஜீப்பை நாள் முழுக்கத் தேய்த்தார். நாளைக்குச் செவ்வாயும் இல்லை, வியாழனும் இல்லை, சரக்கும் இல்லை. அக்கரை ஏறி, அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு வாசகம் சொல்ல வேண்டும்: கோல் தேய்ந்திருந்தது, தப்பு என்னுடையது. தப்பு என்னுடையது என்று அவர் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் தேய்க்கும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் மேற்கே, ஆறு வருகிற திசையில், வானம் கன்னங்கரேலென்று இருண்டு கிடந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்குத் துறையில் நின்றார். இன்ஜினை ஆறவிட்டார். பெல்ட்டைக் கழற்றினார். தார்ப்பாயைக் கட்டினார். கயிற்றை மாட்டினார். கோலோடு இறங்கினார்.

தண்ணீர் பழுப்பாக, கனமாக இருந்தது. ஆற்றைப் பார்த்தபடி பக்கவாட்டில் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தார். நடுவில் வந்ததும் கோலை ஊன்றிப் பார்த்தார். புதுச் சிவப்புக்கு மேல் ஐந்து விரல். தொடை முழுக்கத் தண்ணீர். இன்னும் இரண்டு இடத்தில் ஊன்றிப் பார்த்தார். அதே ஐந்து விரல். இதில் வண்டி மிதக்கும். மிதந்த வண்டி ஆற்றுக்குச் சொந்தம். இந்தத் தடவை கோல் பொய் சொல்லவில்லை.

திரும்ப வேண்டியதுதான். ஆனால் கால் தன் பழக்கத்துக்கு அக்கரைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. தடம் முழுவதையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற கால் அது. தட்டைக் கல் வந்தது. ஏறி நின்று நிமிர்ந்தார்.

கரையில் மகள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. ஜீப் துறையில் நிற்பதைப் பார்த்துக் கடைக்காரம்மா சொல்லியிருப்பாள்.

"வண்டி வராதா?" என்றாள். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு.

"வராதும்மா. அஞ்சு விரல் கூட இருக்கு."

"சரி."

"ஒரு விஷயம் சொல்லணும்." கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு... கோல் தேஞ்சு போயிருந்திருக்கும்மா. அடியில. எனக்கு முந்தாநாள்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு வண்டி வந்திருக்கும். தப்பு என்னுதுதான்."

சொல்லிவிட்டார். பெரிய மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று என்பது போல அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீங்க எங்கப்பா நிக்கிறீங்க?"

"கல்லு மேல."

"தண்ணி எவ்வளவு?"

"இங்கயா? கணுக்கால்."

"அன்னைக்கும் அதே கல்லு மேலதான் நின்னீங்க. நான் மண்டபத்து ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். எங்கப்பா வந்துட்டார்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட சொல்லக்கூட செஞ்சேன். பத்தடிப்பா. பத்தடியில நின்னு கோலைத் தூக்கிக் காட்டிட்டுத் திரும்பிட்டீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நான் வண்டியையா கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷன். இன்ஜினியர்களுக்கும், அவசரத்துக்கும், ரேடியோவுக்கும் பதில் வைத்திருந்தவர். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அது அவருக்குத் தோன்றவே இல்லை. நடந்து வந்தவர், நடந்தே கரை ஏறியிருக்கலாம் என்று இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. வண்டி வரவில்லையென்றால் அவர் வரவில்லை என்றுதான் அவர் கணக்கு. நனைந்த பேன்ட்டோடு, வெறுங்கையோடு, ஹாரன் இல்லாமல் ஒருவன் வந்து நின்றால் அவன் யார்?

குழந்தை அம்மாவின் கன்னத்தைத் திருப்பியது. "அம்மா, இவருதான் ரிவர்ஸ் தாத்தாவா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"ஆமாம்மா, நான்தான்" என்றார். கல்லிலிருந்து இறங்கினார். பத்தடி நடந்தார். வண்டி இல்லாமல் அவர் அந்தக் கரையில் ஏறியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் எல்லாம் கட்டியாகிவிட்டது. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தன. வாத்தியார் ஓடி வந்து, "வாங்க மாமா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துச் சங்கடப்பட்டார். "நாற்காலி எல்லாம் கட்டியாச்சு..."

"பரவாயில்லை மாப்பிள்ளை. எனக்கு நிக்கிறதே பழக்கம்."

ஷெட்டில் இருக்கும் ஆறு நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. துணி மூட்டை ஒன்றை மகள் நகர்த்திப் போட்டாள். பேன்ட் நனைந்திருப்பதால் அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். குழந்தை கோலைத் தடவிப் பார்த்து, இரண்டு சிவப்பு எதற்கு என்று கேட்டது. "கீழ இருக்கிறது தாத்தா தப்பா அளந்தது. மேல இருக்கிறது சரியா அளந்தது" என்றார். மகள் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். கட்டாமல் விட்ட டம்ளர் அது ஒன்றுதான் போலிருக்கிறது. அவர் குடித்து முடித்ததும் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தாள். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

பஸ் ஜன்னலில் அவள் சொன்னாள்: "போறப்போ பாத்து நடங்கப்பா. தண்ணி கனமா இருக்கு."

"எனக்கேவா சொல்ற?" என்றார். சொன்ன பிறகு, அது வேண்டாம் என்று தோன்றியது. "சரிம்மா" என்று திருத்திக்கொண்டார். பஸ் அதற்குள் கிளம்பிவிட்டது. 'சரிம்மா' அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

திரும்பி நடந்தபோது தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. ஜீப் இந்தக் கரையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, ஒரு சொட்டு ஈரம் படாமல் பளபளவென்று நின்றது. இடுப்பு வரை நனைந்த மனுஷன் அதன் முன்னால் குந்தி, கயிற்றைச் சுருட்டி, தார்ப்பாயை அவிழ்த்து, பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவசரம் வந்து பக்கத்தில் நிறுத்தினான்.

"என்ன பெரியவரே, இன்னைக்கும் ரிவர்ஸா?"

"வண்டி மட்டும்தான்டா" என்றார். "நான் போயிட்டு வந்துட்டேன்." பிறகு, இன்ஜினைப் பார்த்துக்கொண்டே, "நீயும் இறங்காதே. அஞ்சு விரல் கூட இருந்துச்சு, இப்ப நாலு. நடந்து பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவசரம் அவருடைய பேன்ட்டைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். முதல் தடவையாக வண்டியைத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்து ஜீப்பை ஷெட்டில் விட்டார். மூலையிலிருந்த தார்ப்பாயை நீக்கி, ஒரு நாற்காலியை எடுத்து, ஆறு வருஷத்துப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். அது பெரிய சத்தம் போட்டது. நாற்காலியைச் சிமெண்ட் தரையில் போட்டு உட்கார்ந்தார். நாற்காலியின் ஒரு கால் லேசாக ஆடியது. எழுந்து, தலைகீழாகக் கவிழ்த்து, நாலு காலையும் விரலால் அளந்து பார்த்தார். எல்லாம் ஒரே அளவு. தரைதான் சரியில்லை போலும். ரேடியோவைப் போடலாமா என்று நினைத்தார். போடவில்லை. மிச்சம் ஐந்தின் உறையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ஈரம் காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.